ஹான் வான் மேகரனை நாயகனாக்கலாமா?

தூரிகையன்:
பழைய மேதைகளின் பெயரில் போலி ஓவியங்கள் வரைந்த நெதர்லாந்து ஓவியர் ஹான் வான் மேகரனைப் பற்றிச் சரித்திரப் படம் எடுப்பவர்கள், நாஜித் தலைவர் கோரிங்கையே ஏமாற்றிய வீரராக அவரைக் காட்டக் கூடாது என்பது என் வாதம். 1945-இல் கைதானபோது, நாட்டின் செல்வமான, பதினேழாம் நூற்றாண்டு நெதர்லாந்து மேதை வெர்மீரின் ஓவியத்தை எதிரியான கோரிங்குக்கு விற்ற துரோகி என்ற பழி தம் தலைக்கு உலை வைத்துவிடும் என்று அஞ்சித்தான், அதை வரைந்தவன் நானே என்று அவர் ஒப்புக்கொண்டார். உயிர் தப்பச் சொன்னது நாட்டுப்பற்று ஆகாது.

ஆழிமகள்:
அவருடைய நோக்கம் எதுவானாலும், கோரிங் ஏமாந்தது உண்மைதானே, ஐயா? மேலும் இந்தக் கதையின் உயிர் அந்தக் கைத்திறனில் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டுக் கித்தானிலிருந்த பழைய ஓவியத்தைச் சுரண்டி நீக்கி, சூட்டில் இறுகும் பேக்கலைட் என்ற செயற்கைப் பிசின் கலந்த வண்ணங்களால் வரைந்து, அடுப்பில் சுட்டு, உருளையில் சுற்றி விரிசல்களை வரவழைத்து, அவற்றில் கறுப்பு மையும் ஏற்றினார். அப்படி உருவான ‘எம்மாவு விருந்து’ ஓவியத்தைத்தான் 1937-இல் பெரும் கலை அறிஞர் பிரேடியஸ் வெர்மீரின் தலைசிறந்த படைப்பென்று போற்றினார். பின்னர் 5 லட்சம் கில்டருக்கு (நெதர்லாந்தின் அன்றைய நாணயம்) மேல் விலை கொடுக்கப்பட்டு அது ரோட்டர்டாம் பொய்மன்ஸ் அருங்காட்சியகத்தை அடைந்தது. அறிஞர்களின் செருக்கைக் கலைத்த இந்த மனிதரை மக்கள் கொண்டாடியதில் என்ன தவறு?

தூரிகையன்:
அவருடைய திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் கையெழுத்திட்டு ஹிட்லருக்குக் காணிக்கையாக்கிய ஓவிய நூலொன்று ஹிட்லரின் நூலகத்தில் கிடைத்ததே, அதை எந்தக் காட்சியில் வைப்பீர்கள்? 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஏறத்தாழ 20,000 பேர் பட்டினியால் மாண்டபோது, போலி ஓவியங்களை விற்ற பணத்தில் அவர் ஆம்ஸ்டர்டாமில் செல்வச் செழிப்போடு வாழ்ந்தார்.

ஏட்டுவாசி:
இருவரும் வழக்கை விட்டுவிட்டீர்கள். 1947 அக்டோபர் 29 அன்று நடந்த விசாரணை போலி ஓவியம், மோசடி ஆகியவற்றைப் பற்றியதே. துரோகக் குற்றச்சாட்டு அதற்கு முன்பே கைவிடப்பட்டிருந்தது. நவம்பரில் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதை அனுபவிக்கும் முன்பே டிசம்பர் 30 அன்று மாரடைப்பால் இறந்தார். நாஜிகளோடு அவருக்கிருந்த உறவை நீதிமன்றம் தீர்த்து வைக்கவில்லை என்பதால், நீதிமன்றக் காட்சியோடு படத்தை முடிப்பது பெரும் பிழையாகும்.

ஆழிமகள்:
அந்தக் காணிக்கை நூல் படத்தில் கட்டாயம் இடம்பெறட்டும், ஆனால் பிற்பகுதியில். முதல் காட்சியிலேயே அவரைக் கயவராக்கிவிட்டால், போரில் நொந்த ஒரு நாடு அவரை ஏன் நம்ப விரும்பியது என்பது பார்வையாளருக்கு விளங்காது.