அக்கா மகனின் உதைபந்தாட்டப் பயிற்சிக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம், பொகவந்தலாவையிலிருந்து எழுதுகிறேன். அக்கா மகனுக்கு 15 வயது, பாடசாலை அணியில் விங்கர் (ஓரமாக ஓடித் தாக்கி ஆடுபவன்), நல்ல வேகம். ஐரோப்பியக் கழகம் ஒன்றின் அகடமியில் சேர்த்துவிடுவதாக ஒருவர் முற்பணம் கேட்கிறார். அக்கா சீட்டுக்காசை எடுத்துக் கொடுக்கத் தயார். எனக்கு அந்த ஆளில் துளியும் நம்பிக்கையில்லை.

ஃபிஃபா விதிப்படி, சில விதிவிலக்குகள் தவிர, 18 வயதுக்குட்பட்டவரை வேறு நாட்டுக் கழகம் பதிவு செய்ய முடியாது. பெரிய கழகங்கள் பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே தங்கள் ஊர்ப்பக்கம் தேடிப் பிடித்து வளர்க்கின்றன. வளர்த்த கழகத்துக்கு, அந்தப் பிள்ளை வேறு கழகத்தில் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போது பயிற்சி இழப்பீடு, அதாவது வளர்த்ததற்கான பணம், உண்டு. அப்படியிருக்க இந்த ஆள் ஏன் எங்களிடம் பணம் கேட்கிறார்?

சரி, கண்டி, ஹட்டன் பக்கம் உரிமம் பெற்ற பயிற்றுநரோடு இளையோர் அணி நடத்தும் கழகம் தெரிந்தால் சொல்லுங்கள். வார இறுதிப் பயிற்சி என்றால் நல்லது, ஓஎல் (சாதாரண தரப்) பரீட்சை வேறு வருகிறது. அப்புறம், இப்படி முற்பணம் கொடுத்த அனுபவம் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள், அக்காவுக்குக் காட்ட வேண்டும்.