மடலிழை: கெப்ராச்சோ மரத்துக்குத் தமிழ்ப்பெயர் தேவை (அவசரம்)

குழுவினருக்கு வணக்கம். தோல் பதனிடும் தொழில்நுட்பப் பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அர்ஜென்டினா, பராகுவே நாடுகளின் சாக்கோ காடுகளில் வளரும் 'கெப்ராச்சோ' ஓர் இயல் முழுக்க வருகிறது. நீரில் மூழ்குமளவு கனமான மரம்; ரயில் தண்டவாளக் கட்டைக்கும் வேலிக்காலுக்கும் போனது. மரத்தின் நடுவிலுள்ள கெட்டியான வைரப்பகுதியைச் சீவி வெந்நீரில் ஊறவைத்து, தோலைப் பதப்படுத்தும் துவர்ப்புப் பொருளான டானினை இறக்குகிறார்கள். ஸ்பானியப் பெயருக்குக் 'கோடரியை உடைப்பது' என்று பொருள். 'கோடரிமுறி' எனலாமா?
– மொழிபெயர்ப்பாளர்

> கோடரிமுறி எனலாமா?

முறிப்பது மரமா, முறிவது கோடரியா? 'முறி' தன்வினைக்கும் பிறவினைக்கும் பொது. நஞ்சறுப்பான் போல் 'கோடரிமுறிப்பான்' என்றால் ஐயமில்லை. ஆனால் என் பரிந்துரை வேறு. 'அகக் காழனவே மரமென மொழிப' என்கிறது தொல்காப்பியம். காழ் என்பது வைரம். துவர் என்றால் துவர்ப்பு, சிவப்பும் அதுவே. இம்மரம் சிவப்பு, சாறு துவர்ப்பு, இரண்டும் இருப்பது காழில். ஆகவே 'துவர்க்காழ்'!
– புலவர்

ஐயா, அழகுதான். ஆனால் பதனிடும் தொழிலாளி ஆவாரம்பட்டையை அறிவார், கடுக்காயை அறிவார். துவர்க்காழ் என்றால் நாட்டுமருந்துக் கடைக்கு வழி சொல்வார். கெப்ராச்சோ என்றே இருக்கட்டும்.
– வாணியம்பாடியான்

பட்டையில் டானின் தரும் வாட்டில் மரமும் வெளிநாட்டு மரம்தானே? நீலகிரியார் அதைச் சீகை என்று சொல்லவில்லையா? எந்தக் கலைச்சொல் குழுவைக் கேட்டார்கள்? மேலும், 'கெப்ராச்சோ'வில் 'ப்ரா' தமிழுக்கு ஒவ்வாது. 'கெபிராச்சோ' என எழுதுக.
– புலவர்

பெயர்ச்சண்டைக்கு முன் எந்த மரம் என்று முடிவாகட்டும். டானின் தருவது சிவப்புக் கெப்ராச்சோ, மா குடும்பம். நம் முந்திரிக்கும் சேங்கொட்டைக்கும் உறவு. வெள்ளைக் கெப்ராச்சோ அலரிக் குடும்பம். கோடரியை உடைத்ததைத் தவிர இரண்டுக்கும் ஒட்டுறவில்லை. கோடரிமுறி என்று இரண்டையும் கட்டினால் மாணவர் ஒரே பேரினம் என்று எழுதிவைப்பார்.
– தாவரவியல் ஆசிரியை

கோடரி எங்கே முறிந்தது? 1906-இல் தொடங்கிய லா ஃபோரெஸ்டால் என்ற ஆங்கிலேய முதலீட்டு நிறுவனம் அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே மாகாண வடக்கில் காட்டை வெட்டித் தள்ளியது. 1919 முதல் 1921 வரை வேலைநிறுத்தம் செய்த தொழிலாளரை ஒடுக்கியது. அந்த இயலில் இதற்கு ஒரு பத்தியாவது உண்டா?
– வாணியம்பாடியான்

இல்லை. பாடத்திட்டத்தில் இல்லாததைச் சேர்க்க எனக்கு அதிகாரமில்லை. பெயருக்கு வருகிறேன்: தனிமடலிலும் பெரும்பாலோர் ஒலிபெயர்ப்பையே கேட்கிறார்கள். 'சிவப்புக் கெப்ராச்சோ' என்று போட்டு, முதலிடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் கோடரிமுறி என்று சேர்த்துவிட்டேன். கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது.
– மொழிபெயர்ப்பாளர்

அடைப்புக்குறிக்குள் 'செங்கோடரிமுறி' என்று இருந்திருக்க வேண்டும்.
– தாவரவியல் ஆசிரியை

அதைப் படிப்பவர் கோடரிதான் சிவப்பு என்பார். துவர்க்காழை மறுபதிப்புக்கு எடுத்துவையுங்கள்.
– புலவர்