பல் கிளினிக் சோதனை: பார்த்தவர்கள், பட்டவர்கள் சொல்லுங்கள்

பாளையங்கோட்டை மெக்கானிக்:

நான் அதிகாரி இல்லை. பல் கிளினிக் நாற்காலி, கம்ப்ரசர், கருவிகளை நீராவியில் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவ் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். அம்பை, நான்குநேரி, வள்ளியூர் என்று பைக்கில் சுற்றிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. கிளினிக்கைச் சோதனை போட அதிகாரிகள் வருகிறார்கள் என்று காதில் விழுந்தால் முதல் போன் எனக்குத்தான். "அண்ணாச்சி, மெஷின் சூடாக மாட்டேங்கு, நாளைக்குள்ள சரி பண்ணிக் குடுத்துருங்க."

அப்படித்தான் வள்ளியூர்ப் பக்கம் ஒரு கிளினிக்குக்குப் போனேன். இரண்டு நாற்காலி, ஏசி, கண்ணாடிச் சட்டத்துக்குள் சான்றிதழ், எல்லாம் பளிச். பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் ஆட்டோகிளேவ். மூடியைத் திறந்தால் அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒரு விரல் கனத்துக்கு உப்பு. போர்த் தண்ணீரையே ஊற்றிக் கொதிக்க வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்துத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதே கஷ்டம், சூடேற்றுகிற காயில் (கம்பிச்சுருள்) என்ன பாடுபடும்? வால்விலும் கசிவு. ஓட்டிப் பார்த்தேன், அழுத்தம் காட்டுகிற முள் 8 பவுண்டைத் தாண்டவில்லை. 15 பவுண்டு அழுத்தம் ஏறினால்தான் 121 டிகிரி வரும். அதில் குறைந்தது 15 நிமிஷம், உறை போட்ட கருவி என்றால் 30 நிமிஷம் நிற்க வேண்டும். 8 பவுண்டில் 113 டிகிரி வாக்கில்தான் இருக்கும்.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். உதவிக்கு நிற்கிற பிள்ளை, "டேப்பு கருப்பாகுதுல்லா அண்ணாச்சி, அதான் கண்டுக்கலை" என்றது. அதைத் திட்டத் தோன்றவில்லை, யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கருவிப் பொட்டலத்தில் ஒட்டுகிற அந்த டேப் கறுத்தால் பொட்டலம் சூட்டுக்குள் போய்வந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். கிருமி செத்ததா என்பதைக் காட்ட ஸ்போர் ஸ்ட்ரிப் என்று ஒன்று இருக்கிறது. உயிருள்ள கிருமி வித்து தடவிய காகிதம். அதையும் உள்ளே வைத்து எடுத்து, பிறகு வளர்கிறதா என்று பார்ப்பார்கள். வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது. நான் போகிற கிளினிக்குகளில் அதைச் செய்கிறவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

டாக்டர் நல்ல மனுஷன்தான். விஷயத்தைச் சொன்னதும் அன்றைக்கு வந்திருந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அம்பை டாக்டரம்மா:

எங்கள் கிளினிக்குக்குச் சோதனைக்கு வந்தபோது நான் படபடத்துப் போனேன். தனியார் கிளினிக்குகளைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் உண்டு. 2018-ல் விதிகள் வந்த பிறகுதான் எங்களைப் போன்ற சின்னக் கிளினிக்குகள் பதிவுக்காகச் சுகாதாரத் துறை இணை இயக்குநர் அலுவலகத்துக்கு ஓட ஆரம்பித்தோம். ஃபைல் எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். பதிவு, கழிவு எடுக்கிறவர்களோடு போட்ட ஒப்பந்தம், எக்ஸ்ரே மெஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிந்த தாள், தீயணைப்பு சிலிண்டர். அதெல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது.

வந்தவர்களில் வயதான ஒருவர் மட்டும் கிளம்பவில்லை. "நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்கம்மா, நான் இங்கன இருந்துக்கிடுதேன்" என்று மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கடைவாய்ப்பல் பிடுங்க ஒரு தாத்தா வந்திருந்தார். பிடுங்கி முடித்து கையுறையைக் கழற்றியதும் ஸ்டூலில் இருந்த அதிகாரி கேட்டது: "அந்தக் கையோட எதையெல்லாம் தொட்டீங்க, சொல்லுங்க." யோசித்தேன். விளக்கின் பிடி. பஞ்சு இருந்த டிராயர். ஊசி மருந்துக் குப்பி. தாத்தாவின் மகனிடம் எக்ஸ்ரேயைக் காட்டும்போது அந்தப் படச்சட்டமும். எச்சிலும் ரத்தமுமான கை.

அப்புறம் சலைன் (உப்பு நீர்) பாட்டிலைக் காட்டினார். 500 மில்லி பாட்டில் மூடியில் ஊசி குத்தி வைத்திருந்தோம், பல் பிடுங்கிய குழியைக் கழுவ. காலையில் குத்தினால் சாயங்காலம் வரைக்கும் அதே பாட்டில்தான், வருகிற எல்லாருக்கும். படித்த காலத்திலிருந்து பார்த்துப் பழகியதால் தப்பாகவே தெரியவில்லை. அவர் வாணியம்பாடியைச் சொன்னார். 2023-ல் அங்கே ஒரே பல் கிளினிக்கில் வைத்தியம் பார்த்த பத்துப் பேருக்கு மெலியாய்டோசிஸ் என்ற கிருமித் தொற்று மூளைக்கு ஏறி, எட்டுப் பேர் இறந்துபோனார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்கிற கிருமி. சலைன் பாட்டிலைப் பல் கருவியாலேயே குத்தித் திறந்து, சரியாக மூடாமல் அடுத்தவர்களுக்கும் பயன்படுத்தியதில் பரவியது என்பது ஆய்வில் வந்த முடிவு. கட்டுரை 2025-ல் வெளியானபோது நானும் படித்தேன். என் மேஜை பாட்டில் அப்போதும் ஞாபகத்துக்கு வரவில்லை.

இப்போது 100 மில்லி பாட்டில், ஆளுக்கு ஒன்று. மீதியைத் தொட்டியில் ஊற்றும்போது காசு கண்ணில் தெரிகிறது, மறைப்பானேன்.

மேலப்பாளையத்துப் பிள்ளை, உதவியாளர்:

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். ரத்தப் பஞ்சும் பிடுங்கின பல்லும் மஞ்சள் பையில், கையுறையும் குழாயும் சிவப்புப் பையில், ஊசி மட்டும் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவில் போட வேண்டும். முன்பு வேலை பார்த்த இடத்தில் யாரோ ஊசியைச் சிவப்புப் பையில் போட்டிருந்தார்கள், பையை முடிச்சுப் போடும்போது என் பெருவிரலில் ஏறியது. மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசி ஒன்றுகூட அதுவரை நான் போட்டிருக்கவில்லை. ஆறு மாதத்துக்குள் மூன்று டோஸ் என்பதே அப்புறம்தான் தெரியும். ரத்தப் பரிசோதனை முடிவு வருகிற வரைக்கும் அம்மாவிடம் வாய் திறக்கவில்லை. அந்த இடத்துக்குச் சோதனைக்கு வந்தவர்கள் பையின் நிறத்தைப் பார்த்தார்கள், எண்ணிக்கையைப் பார்த்தார்கள், எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பாளையங்கோட்டை மெக்கானிக்:

தாயி, நீ சொன்னதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் அந்த வள்ளியூர் கிளினிக்குக்குப் போயிருந்தேன். டிஸ்டில்டு வாட்டர் கேன் ஐந்து வரிசையாக நிற்கிறது. மெஷினுக்கு மேலே நோட்டு ஒன்று கயிற்றில் தொங்குகிறது. ஒவ்வொரு தடவைக்கும் நேரம், டிகிரி, பவுண்டு எழுதிக் கையெழுத்து. எழுதுவது டேப்பு கருப்பாகுதுல்லா என்ற அதே பிள்ளைதான். முள் 14-ல் நின்ற ஒருநாள் சிவப்பு மையில் வட்டம் போட்டு எனக்கு போன் பண்ணியிருந்தது. நான்தான் கல்யாண வீட்டில் இருந்து எடுக்கவில்லை.