மாக்களா, கும்பலா?

மொழிபெயர்ப்பாளர்:
கல்லூரிப் பாடநூலுக்காக ஒரு கடிதத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மெய்ப்பு போயாக வேண்டும். எழுதியவர் கவர்னூர் மோரிஸ், 22 வயது வழக்கறிஞர். நாள் 1774 மே 20, ஊர் நியூயார்க். பாஸ்டன் துறைமுகத்தை பிரிட்டன் மூடும் செய்தி வந்து ஊர் கூடுகிறது. இவர் மாடத்தில் நிற்கிறார். வலப்பக்கம் சொத்துக்காரர்கள், மறுபக்கம் வணிகர்கள். வரப்போகும் ஆட்சி மேட்டுக்குடிக்கா, குடிகளுக்கா என்று சண்டை. அப்புறம் நண்பர் பென்னுக்கு எழுதுகிறார்: 'மாப்' (mob) யோசிக்கத் தொடங்கிவிட்டது, பாவம் இந்த ஊர்வன, குளிர்காலச் சட்டையை உரிக்கப் பார்க்கின்றன, உச்சிப்பொழுதுக்குள் கடிக்கும். இந்த 'மாப்'புக்கு என்ன சொல்? 'மக்கள் திரள்' என்றால் இளக்காரம் போய்விடுகிறது.

புலவர்:
தொல்காப்பிய மரபியல் இருக்கக் கவலை ஏன்? 'மாவும் மாக்களும் ஐயறி வினவே.' ஐயறிவு மாக்கள் ஆறாவதைப் பெறுவதுதானே அவருடைய பயம்! 1787 அமெரிக்க அரசமைப்பின் முகப்புரைக்கு வடிவம் கொடுத்தவரும் இதே மோரிஸ்தான். அங்கே 'மக்களாகிய நாம்' என்றுதானே எழுதப்போகிறீர்கள்? இங்கே மாக்கள், அங்கே மக்கள். ஒரு காலில் முடிந்தது.

கல்லூரி ஆசிரியை:
ஐயா, அருமைதான். ஆனால் என் மாணவர்கள் அச்சுப்பிழை என்று கால் எடுத்துவிடுவார்கள். புறநானூற்றில் பல இடங்களில் மாக்கள் என்றால் சும்மா ஆட்கள்தான். 'கும்பல்' போதும். இன்னொன்று, மறுபக்கம் நின்றவர்களை 'வணிகர்கள்' என்று போடாதீர்கள். தச்சர், கொல்லர் வகையறா அவர்கள், பெருவணிகர்கள் எதிர்ப்பக்கம். 'கைத்தொழிலாளர்' என்று மாற்றாவிட்டால் சண்டையே புரியாது.

புலவர்:
கும்பல் இருபது பேர் சேர்ந்தால் வருவது. கொள்ளைக் கும்பல், கடத்தல் கும்பல். 'மாப்' என்பதே 'அலைபாயும் பாமரர்' என்ற லத்தீன் தொடரின் குறுக்கம். அந்த அலைச்சல் கும்பலில் எங்கே? குமி, குவி, கும்பு எல்லாம் ஓரிடத்தில் சேர்வது. இனி 'கும்பம்' வடசொல்லா என்று பார்த்தால்...

கணினித் துறை நண்பர்:
கும்பத்தை இன்னொரு இழையில் வைத்துக்கொள்வோம். 'வெறிக்கூட்டம்'?

ஆசிரியை:
யோசிக்கத் தொடங்கியதை வெறி என்பதா?

மொழிபெயர்ப்பாளர்:
சரி, மூவர் கும்பலுக்கு, ஒருவர் மாக்களுக்கு. கும்பல் என்றே அனுப்புகிறேன். கைத்தொழிலாளர் திருத்தத்தையும் சேர்த்துவிட்டேன்.

புலவர்:
என் மாறுபாட்டை அடிக்குறிப்பிலாவது போடுங்கள்.