பங்களாவில் மாட்டியிருந்த பாலப் படம்: எந்தப் பாலம், எந்த ஆண்டு?

சிப்புட் பேரன்:
மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டமொன்றில் பெரிய கிராணியாக (தலைமை எழுத்தராக) இருந்த என் தாத்தாவின் அலமாரியில், சட்டமிட்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கிடைத்தது. வெள்ளைக்காரத் துரை ஊர் திரும்பியபோது பங்களாவில் விட்டுச்சென்றதைத் தாத்தா எடுத்து வைத்துக்கொண்டதாகப் பாட்டி சொல்கிறார். எட்டுக்குப் பத்து அங்குலம் இருக்கும். உயரமான இடத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். அகன்ற ஆற்றின் மேல் கருங்கல் வளைவுகள் கொண்ட பழைய பாலமும், அதை ஒட்டிப் பாதி எழுந்து நிற்கும் கான்கிரீட் பாலமும் தெரிகின்றன. பளுதூக்கிகளுக்கு நடுவே இரட்டை அடுக்குப் பேருந்துகள் வழக்கம்போல் ஓடுகின்றன. தொலைவில் டவர் பிரிட்ஜின் இரு கோபுரங்கள் இருப்பதால் ஊர் லண்டன் என்பது உறுதி. பின்புறத்தில் ஊதா முத்திரையின் பாதியும், தட்டச்சுத் தாள் ஒட்டியிருந்து கிழிந்த தடமும் உள்ளன.

போர்க்காலத்தில் கட்டிய வாட்டர்லூ பாலம் இது என்கிறார் மாமா. அது சரிதானா? மேலும், வானப்பகுதியில் பூஞ்சை படர்ந்திருப்பதால், ஈரத்துணியால் துடைத்து லேமினேட் செய்து தருவதாகச் சட்டக்கடைக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா?

ஆற்றங்கரை:
மாமாவின் ஊகத்தில் ஒரு நியாயம் உண்டு. வாட்டர்லூ பாலமும் பழையதை இடித்து மீண்டும் கட்டியதுதான், 1945இல்தான் முழுமையாக முடிந்தது. ஆனால் அங்கே பழைய பாலத்தை முதலில் இடித்துவிட்டே புதியதைத் தொடங்கினார்கள். பழையதும் புதியதும் ஒட்டி நிற்க, போக்குவரத்தும் நிற்காமல் ஓடுவது என்றால் அது லண்டன் பிரிட்ஜ்தான். 1831இல் திறந்த அந்தக் கற்பாலம் தன் பாரத்தாலேயே சிறிது சிறிதாக ஆற்றுப்படுகையில் இறங்கிக்கொண்டிருந்தது. 1967இல் தொடங்கிய மறுகட்டுமானத்தில், ஒரு நாளும் வழியை முழுதாக அடைக்காமல், புதிய பாலத்தைப் பகுதி பகுதியாக எழுப்பினார்கள். 1973 மார்ச் 17இல் எலிசபெத் அரசியார் அதைத் திறந்துவைத்தார்.

பழைய பாலத்தை 1968இல் ராபர்ட் மெக்கல்லக் என்ற அமெரிக்கர் 24 இலட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு வாங்கி, கற்களுக்கு எண்ணிட்டுக் கப்பலேற்றி, அரிசோனா மாநிலத்தின் லேக் ஹவாசு நகரில் 1971 அக்டோபரில் திறந்தார். டவர் பிரிட்ஜ் என்று நினைத்து ஏமாந்து வாங்கினார் என்ற கதையை அவரே மறுத்திருக்கிறார். இருந்தும் அந்தக் கதைக்குச் சாவில்லை.

ஆண்டைக் கணிக்க ஒரு வழி சொல்கிறேன். லண்டன் பிரிட்ஜுக்கும் டவர் பிரிட்ஜுக்கும் நடுவே, படத்தின் வலப்பக்கக் கரையோரம், பீரங்கிகளுடன் கூடிய போர்க்கப்பல் நிற்கிறதா என்று பாருங்கள். எச்.எம்.எஸ். பெல்ஃபாஸ்ட் அங்கே வந்து சேர்ந்தது 1971 அக்டோபரில்.

சிப்புட் பேரன்:
உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன், ஐயா. போர்க்கப்பல் இல்லை. அவ்விடத்தில் ஆறு திறந்தே கிடக்கிறது. பழைய பாலத்தின் வளைவுகளில் பாதிக்கும் மேல் அப்படியே உள்ளன.

ஆற்றங்கரை:
அப்படியானால் 1971 அக்டோபருக்கு முந்தையது. வளைவுகள் இவ்வளவு மிச்சமிருப்பதைப் பார்த்தால், 1968, 1969 என்று சொல்வதே பொருத்தம்.

இருட்டறை:
கடைக்காரரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள், தம்பி. பூஞ்சை உண்பது தாளின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சைத்தான். பூஞ்சை பிடித்த ஜெலட்டின் நீரில் கரையும் தன்மை அடைந்துவிடும். ஈரத்துணி பட்டால் அழுக்கோடு வானமும் பளுதூக்கியும் சேர்ந்து வழிந்துவிடும். லேமினேட் செய்வது அதைவிட மோசம், ஏனெனில் பிறகு எவராலும் பிரிக்க முடியாது.

உருப்பெருக்கி கையிலிருக்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்தில் அச்சடித்த பிரதி. ஒழுங்கற்ற நுண்மணிகளாக நிறம் தொடர்ச்சியாக இறங்கினால் இருட்டறையில் எடுத்த அசல் வெள்ளிப் பிரதி. சாய்த்துப் பிடிக்கையில் கருமையான இடங்களின் ஓரத்தில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு மின்னினால், அசல் என்பதற்கு அது இன்னும் வலுவான சான்று. பலர் அதைக் கறை என்று எண்ணித் துடைத்துவிடுகிறார்கள். பின்புற முத்திரையும் தட்டச்சுத் தாளின் தடமும், இது பத்திரிகைகளுக்கு அனுப்புவதற்காக எடுத்த பிரதி என்ற எண்ணத்தையே தருகின்றன. ஆகவே பின்பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள்.

படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் உரிக்க முயலாமல், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். ஒட்டாவிட்டால், கேமரா வைக்கும் உலர்பெட்டியில் ஈரப்பதத்தை ஐம்பது விழுக்காட்டுக்குக் கீழே வைத்துச் சில வாரம் விடுங்கள், பூஞ்சை உறங்கிவிடும். அதன்பின் மென்தூரிகையால், வீட்டுக்கு வெளியே, மூக்கை மூடிக்கொண்டு தட்டிவிடலாம். புதுச் சட்டம் போடும்போது, கண்ணாடி படத்தைத் தொடாதவாறு இடையில் அமிலமற்ற அட்டை வைக்கச் சொல்லுங்கள்.

பழைய கிராணி:
துரை இந்தப் படத்தை ஏன் மாட்டியிருந்தார் என்று யோசித்தேன். லண்டன் பிரிட்ஜின் வடகரையில் இறங்கினால் சிட்டி எனப்படும் வணிக வட்டாரம். ரப்பர் வணிகத்தின் மையமான மின்சிங் லேன் அங்கேதான் இருந்தது. கத்ரி, ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட் போன்ற தோட்ட நிறுவனங்களின் தலைமையகங்களும் அங்கேதான். நாம் இங்கே எழுதிய கணக்கெல்லாம் சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர்ந்தது அந்தக் கரைக்கே. தலைமையகத்துக்குப் போகும்போது துரை நடந்த பாலமாகவும் இது இருந்திருக்கலாம். 1981 செப்டம்பர் 7 அன்று மலேசிய அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல், லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் கத்ரியைக் கைப்பற்றும்வரை, அந்தத் தோட்டங்களின் முடிவுகள் அங்கே எடுக்கப்பட்டவைதாம்.

துரை எந்த ஆண்டு ஊர் திரும்பினார், தோட்டத்தின் பெயர் என்ன என்று பாட்டியிடம் இப்போதே கேட்டு, புதிய பின்னட்டையில் பென்சிலால் எழுதிவையுங்கள். படத்தின் பின்பக்கத்தில் பேனாவால் எழுத வேண்டாம். சில ஆண்டுகளில் மை முன்பக்கம் ஊறிவிடும்.