மகளின் அணிக்குக் கோச் இல்லையாம், சாக்கர் (ஃபுட்பால்) தெரியாத நான் எடுக்கலாமா?

ஃப்ரீமான்ட்_அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் பக்கம் இருக்கிறோம். மகளுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு. இந்த வருடம் ஏ.ஒய்.எஸ்.ஓ.வில் (தன்னார்வலர்கள் நடத்தும் சிறுவர் சாக்கர் அமைப்பு) எட்டு வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவில் சேர்த்திருக்கிறோம். அவள் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் அதே அணியில் இருப்பதால் வீட்டில் தினமும் இதே பேச்சுதான். நேற்று ஒருங்கிணைப்பாளரிடமிருந்து மெயில் வந்தது: உங்கள் அணிக்கு இன்னும் கோச் கிடைக்கவில்லை, பெற்றோரில் யாராவது முன்வந்தால்தான் அணி இருக்கும், இல்லாவிட்டால் பிள்ளைகளைப் பிரித்து மற்ற அணிகளில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே போடுவோம், மீதிப் பேர் காத்திருப்புப் பட்டியலில் இருக்க வேண்டியதுதான் என்று. பெற்றோர் குழுவில் எல்லோரும் அதைப் படித்துவிட்டார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எனக்கு எடுக்க ஆசை இருக்கிறது. ஆனால் நான் வளர்ந்தது திருச்சியில், தெருவில் டென்னிஸ் பந்து கிரிக்கெட், காலேஜில் வாலிபால். ஃபுட்பால் என்றால் உலகக்கோப்பை வரும்போது டிவியில் பார்த்ததோடு சரி. தெரியாத ஆள் சொல்லிக்கொடுத்துப் பிள்ளைகளின் ஆட்டம் கெட்டுவிடுமோ என்பதுதான் என் முதல் பயம். அப்புறம் வாரத்துக்கு எவ்வளவு நேரம் போகும், என்னென்ன பேப்பர் வேலை இருக்கும், முதல் நாள் மைதானத்தில் போய் நின்று என்ன செய்வது? எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன், அதனால் ஏதாவது சிக்கல் வருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள்.

சன்னிவேல்_கோச்:

எடுங்கள். வெள்ளிக்கிழமை வரை போக வேண்டாம், இன்று இரவே பதில் போடுங்கள். ஏ.ஒய்.எஸ்.ஓ. 1964-இல் இதே கலிஃபோர்னியாவில் டாரன்ஸில் ஆரம்பித்தது, அன்றிலிருந்து இன்றுவரை அது ஓடுவது உங்களைப் போன்ற பெற்றோர்களால்தான். நான் பார்த்த கோச்சுகளில் பாதிப் பேருக்கு மேல் உங்களைப் போலவே வந்தவர்கள்.

எட்டு வயதுக்குக் கீழே நடப்பது நீங்கள் டிவியில் பார்த்த ஃபுட்பால் இல்லை. நாலுக்கு நாலு பேர், கோல்கீப்பர் கிடையாது, ஆஃப்சைடு கிடையாது, மூன்றாம் நம்பர் என்ற சின்ன பந்து, சின்ன மைதானம், பத்துப் பத்து நிமிடமாக நாலு பகுதி. 2017-இல் யு.எஸ். சாக்கர் (இந்த நாட்டின் சாக்கர் கூட்டமைப்பு) நாடு முழுக்க இந்தச் சின்ன ஆட்டத்தைக் கட்டாயமாக்கியது. பதினொரு பேர் ஆட்டத்தில் ஏழு வயதுப் பிள்ளைக்குப் பந்து கிடைக்கவே கிடைக்காது, நாலு பேர் என்றால் ஒதுங்கி நிற்க இடமில்லை, எல்லோர் காலுக்கும் பந்து வந்தே தீரும். அதனால் வியூகம், ஃபார்மேஷன் எதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையின் காலிலும் பந்து எவ்வளவு நேரம் இருந்தது, அதை மட்டும் பாருங்கள். வாலிபால் ஆடியவருக்கு அதை ஏற்பாடு செய்யத் தெரியாதா என்ன.

இங்கே கோச்சுகளிடம் ஒரு பழைய விதி உண்டு: பிள்ளைகளை வரிசையில் நிற்க வைக்காதே, மைதானத்தைச் சுற்றி ஓடவிடாதே, நின்று பிரசங்கம் செய்யாதே. நம் ஊர் பி.டி. வகுப்பில் வளர்ந்தவர்களுக்கு இந்த மூன்றும்தான் முதலில் கைக்கு வரும், அதனால்தான் சொல்கிறேன். எட்டுப் பேர் வரிசையில் நின்று ஆளுக்கு ஒருமுறை கோலுக்கு உதைத்தால், ஒரு பிள்ளை மற்ற ஏழு பேரை வேடிக்கை பார்க்கத்தான் வந்தது என்று ஆகிவிடும். எல்லோரும் சொந்தப் பந்து கொண்டுவர வேண்டும் என்று முதல் மெயிலிலேயே எழுதிவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

முதல் நாளுக்கு இப்படிச் செய்யுங்கள். வரும் பிள்ளைகளைக் காக்க வைக்காமல், இரண்டு பேர் வந்தவுடனே ஒருவருக்கு ஒருவர், நாலு பேரானதும் இரண்டுக்கு இரண்டு என்று சின்ன கோலில் ஆடவிடுங்கள். எல்லோரும் வந்த பிறகு இருபது இருபத்தைந்து நிமிடம் பந்தோடு விளையாட்டு, கடைசியில் மறுபடி ஆட்டம். யு.எஸ். சாக்கரின் தொடக்கநிலை பயிற்சி வகுப்பிலும் இதே வரிசையைத்தான் சொல்லித் தருகிறார்கள், ஆன்லைனிலேயே முடிக்கலாம், நாலு பேர் ஆட்டத்துக்கென்றே தனி வகுப்பு உண்டு. நடுவில் வரும் விளையாட்டுக்கு நம்முடைய கிளித்தட்டு போதும்: எல்லோரிடமும் பந்து, இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்குக் கடக்க வேண்டும், நடுவில் இருவர் நின்று பந்தைத் தட்டிவிடுவார்கள், பந்து போனவர் அவர்களோடு சேர்ந்துகொள்வார். இங்கத்துப் பிள்ளைகள் ஷார்க்ஸ் அண்ட் மின்னோஸ் என்பார்கள். ஒன்று மட்டும் கவனம், ‘அவுட்’ ஆனவரை வெளியே உட்கார வைக்கும் விளையாட்டு வேண்டாம். முதலில் அவுட் ஆவது ஆட்டம் வராத பிள்ளைதான், அதற்குத்தான் பந்து அதிகம் வேண்டும்.

ஆட்டத்தில் எல்லோரும் பந்தையே ஈ மொய்ப்பதுபோல் மொய்ப்பார்கள். விடுங்கள். ‘பரவி நில், உன் இடத்தில் நில்’ என்று கத்த வேண்டாம், ஒன்பது பத்து வயதில் அது தானாகப் பிரியும்.

பேப்பர் வேலை கொஞ்சம் இருக்கிறது, எதையும் தள்ளிப் போடாதீர்கள். பின்னணிச் சரிபார்ப்பு, சேஃப்ஸ்போர்ட் பயிற்சி (பிள்ளைகளைத் துன்புறுத்தலிலிருந்து காப்பது பற்றி, ஒன்றரை மணி நேரம் போல ஆகும்), தலையில் அடிபட்டால் என்ன செய்வது என்று அரசின் பொதுச் சுகாதார அமைப்பான சிடிசி நடத்தும் இலவசப் பயிற்சி. கலிஃபோர்னியாவில் 2022 ஜனவரியிலிருந்து ஏபி 506 சட்டப்படி தொடர்ந்து வரும் தன்னார்வலர்கள் லைவ்ஸ்கேன் என்ற மின்னணு முறையில் கைரேகையும் கொடுக்க வேண்டும். அந்த அப்பாயின்ட்மென்ட்டுக்குச் சில சமயம் நாள் ஆகும், முதலில் அதைப் போடுங்கள். நேரம் என்று பார்த்தால் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம், மெயில், வாட்ஸ்அப் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு மூன்று நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எச்1பியைப் பொறுத்தவரை லாப நோக்கற்ற அமைப்பில் சம்பளமில்லாமல் கோச்சாக இருப்பதை என் வட்டத்தில் பலர் செய்கிறார்கள். காசு வாங்கிப் பயிற்சி கொடுத்தால் அது வேலை, அது கூடாது. மனதில் உறுத்தல் இருந்தால் கம்பெனி வக்கீலிடம் ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

ஆஸ்டின்_ஃபுட்பால்:

நான் கொஞ்சம் வேறு மாதிரி நினைக்கிறேன். காலேஜ் வரை ஆடியவன் நான். சின்ன வயதில் பந்தை எப்படித் தொடுவது, எந்தக் காலால் வாங்குவது என்பதெல்லாம் பழக்கமாகிவிடும், பிறகு மாற்றுவது கஷ்டம். தெரிந்தவர் இல்லையென்றால் காசு கொடுத்து நல்ல கிளப்பில் சேர்ப்பது மேல். உங்கள் மகளுக்கு ஆர்வம் இருப்பதால்தான் சொல்கிறேன், தப்பாக எடுக்க வேண்டாம்.

சன்னிவேல்_கோச்:

ஆஸ்டின் நண்பரே, பத்துப் பன்னிரண்டு வயதுக்கு நீங்கள் சொல்வது சரி. ஏழு வயதில் இரண்டு காலாலும் பந்தை ஓட்டிப் பழகினால் போதும், அதுவும் சின்ன ஆட்டத்தில்தான் வரும். அமெரிக்கப் பெண்கள் அணியில் ஆடிய அலெக்ஸ் மார்கன் ஏ.ஒய்.எஸ்.ஓ.வில் ஆடிக்கொண்டிருந்துவிட்டு 14 வயதில்தான் கிளப் அணிக்கே போனார், அதற்குப் பிறகு உலகக்கோப்பை ஜெயித்தார். இன்னொன்று, நல்ல கிளப் என்றால் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் டாலர் போகும். அந்த அணியில் எல்லாப் பிள்ளைகளின் வீட்டிலும் அது முடியாது. இவர் எடுக்கவில்லையென்றால் அவர்கள்தான் காத்திருப்புப் பட்டியலில் நிற்பார்கள். அதை நினைத்துப் பார்த்தால் தெரிந்தவர் வரட்டும் என்று காத்திருக்க எனக்கு மனசு வராது.

ரெஃப்ரீ_அம்மா:

நான் சனிக்கிழமைகளில் நடுவராக இருக்கிறேன், என் மகள் அணிக்குத் துணைக் கோச்சாகவும் இருந்திருக்கிறேன். நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு வருகிற முதல் தகராறு தோடுதான். ஆட்டத்தில் நகை எதுவும் போடக்கூடாது, மேலே டேப் ஒட்டினாலும் ஒப்புக்கொள்ள மாட்டோம், விதியே அப்படி. தோடு, செயின், வளையல், காப்பு எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிட்டு வர வேண்டும். காது குத்துவதாக இருந்தால் சீசன் முடிந்த பிறகு, டிசம்பரில் குத்திக்கொள்ளச் சொல்லுங்கள். புதிதாகக் குத்திய காதோடு வந்து, கழற்றவும் முடியாமல் ஆடவும் முடியாமல் அழுதுகொண்டு நிற்கிற பிள்ளையை வெளியே அனுப்புவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலை. கையில் கட்டிய கோயில் கயிறு பற்றி அந்தந்த நடுவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், ஆட்டம் தொடங்கும் நேரத்தில் வேண்டாம்.

ஷின் கார்டு (முன்காலைக் காக்கும் தகடு) போட்டு அதன்மேல் சாக்ஸ் முழுக்க மூடியிருக்க வேண்டும், பயிற்சிக்கும் அப்படியே. இந்த வயதில் தலையால் பந்தை முட்டவே கூடாது. 2015 கடைசியில் யு.எஸ். சாக்கர் அறிவித்தது, பத்து வயது வரை பயிற்சியிலும் கிடையாது. ஆட்டத்தில் வேண்டுமென்று முட்டினால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (நேராகக் கோல் அடிக்க முடியாத உதை).

பெண்கள் அணி என்பதால் ஒரு அம்மாவைத் துணைக் கோச்சாக முதல் நாளே சேர்த்துக்கொள்ளுங்கள். பாத்ரூம் போக வேண்டும், ஷூ லேஸ், முழங்கால் சிராய்ப்பு என்று பயிற்சி நடுவே ஆயிரம் வரும். பயிற்சி முடிந்து யாராவது கூப்பிட வரத் தாமதமானால் நீங்கள் தனியாக ஒரு பிள்ளையோடு நிற்கக் கூடாது, இன்னொரு பெரியவர் கூடவே இருக்கட்டும். காரில் ஏற்றி வீட்டில் கொண்டு விடுவதும் வேண்டாம். நம் பழக்கத்துக்கு அது உதவிதான், ஆனால் சேஃப்ஸ்போர்ட் பயிற்சியில் இதற்கான காரணத்தைத் தெளிவாகச் சொல்வார்கள், பிள்ளைக்கும் உங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு.

ஃப்ரீமான்ட்_அப்பா:

ரொம்ப நன்றி. இன்று காலை சரி என்று மெயில் போட்டுவிட்டேன், லைவ்ஸ்கேனுக்கும் நேரம் வாங்கியாகிவிட்டது. மகளிடம் சொன்னதிலிருந்து வீடு முழுக்கக் குதித்துக்கொண்டிருக்கிறாள்.

இன்னொரு சந்தேகம். இதே மைதானத்தில் போன வருட ஆட்டங்களைப் பார்த்தபோது ஓரத்தில் நின்று கத்துகிற பெற்றோர்களைப் பார்த்துப் பயந்துவிட்டேன். ‘உதை, ஓடு, ஏன் நிற்கிறாய்’ என்று ஆளுக்கு ஒரு பக்கம். என் மகளுக்கு அந்த மாதிரி யாராவது கத்தினால் ஆடவே மாட்டாள். அவர்களை எப்படிச் சமாளிப்பது? ஜெயிக்க வேண்டும், என் பிள்ளையை அதிக நேரம் இறக்கு என்று கேட்டால் என்ன சொல்வது?

ஸ்கார்பரோ_அண்ணன்:

தம்பி, நான் கனடாவில் உதைபந்தாட்டப் பயிற்சி கொடுக்கிறேன், இங்கே எங்கள் தமிழ்ப் பெற்றோரிடமும் இந்தப் பிரச்சினை கனக்க உண்டு. சீசன் தொடங்க முதலே எல்லோரையும் ஒருதரம் கூப்பிட்டுக் கதையுங்கள், பத்து நிமிடம் காணும். ஓரத்தில் நிற்பவர்கள் கை தட்டலாம், பெயர் சொல்லி உற்சாகப்படுத்தலாம், ஆனால் என்ன செய்ய வேண்டுமென்று சொல்லக் கூடாது. பந்தோடு ஓடுகிற பிள்ளை அந்த நேரத்தில் தானே முடிவெடுக்க வேண்டும், ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொன்னால் அது நின்று அம்மாவின் முகத்தைப் பார்க்கும். இதை நீங்கள் முதலே சொல்லிவிட்டால், பிறகு கத்துபவரிடம் போய்த் தனியாக ஞாபகப்படுத்துவது சுலபம். சண்டையாக மாறாது.

விளையாட்டு நேரத்துக்கு உங்கள் அமைப்பிலேயே விதி இருக்கிறது, ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரம் விளையாட வேண்டும். நான் ஆட்டத்துக்கு முதல் நாள் இரவே தாளில் நாலு பகுதிக்கும் பெயர்களை எழுதிவிடுவேன், ஆட்டம் தொடங்கிய பிறகு அதை மாற்றுவதில்லை. ஒரு கோல் பின்தங்கி நிற்கும்போது கெட்டிக்காரப் பிள்ளையை இறக்கத்தான் கை போகும், தாள் இருந்தால் அது நடக்காது. யாராவது கேட்டால் தாளைக் காட்டுங்கள், அவர்களுடைய பிள்ளை எத்தனை பகுதி விளையாடியது என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

தலையில் அடிபடுவதை மட்டும் லேசாக எடுக்காதீர்கள். எங்கள் ஒன்டாரியோவில் ரோவன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ரோவன் ஸ்ட்ரிங்கர் ஒட்டாவாவில் 17 வயதுப் பிள்ளை, ரக்பி ஆடினவர். 2013-இல் சில நாள் இடைவெளியில் திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டு இறந்துபோனார், முதல் அடி ஆற முதலே அடுத்தது விழுந்ததுதான் காரணம். அதற்குப் பிறகு 2018-இல் இந்தச் சட்டம் வந்தது, பயிற்சியாளர், பெற்றோர், பிள்ளைகள் எல்லோரும் ஒவ்வொரு வருடமும் அதற்கான குறிப்புகளை வாசிக்க வேண்டும். நான் அதைப் படித்த நாளிலிருந்து சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுத்துவிடுவேன். தலை சுற்றுகிறது, வெளிச்சம் கூசுகிறது, பெயர் கேட்டால் யோசிக்கிறது என்றால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. தகப்பன் வந்து ‘ஒன்றுமில்லை, விடுங்கள்’ என்றாலும் விடாதீர்கள். வைத்தியர் எழுதிக் கொடுத்த பிறகுதான் திரும்ப இறக்க வேண்டும்.

ஃப்ரீமான்ட்_அப்பா:

அந்தத் தாள் யோசனை ரொம்பப் பிடித்திருக்கிறது அண்ணா, அப்படியே செய்கிறேன். கடைசியாக ஒன்று. செப்டம்பரில் காட்டுத்தீப் புகை வந்தால் பயிற்சியை நிறுத்துவது யார் முடிவு, கோச்சா அமைப்பா?

சன்னிவேல்_கோச்:

மைதானத்தை மூடினால் அமைப்பிலிருந்து மெயில் வரும், ஆனால் அதற்குக் காத்திருக்க வேண்டாம், உங்கள் பயிற்சியை நீங்களே ரத்து செய்யலாம். 2020 செப்டம்பரில் வானமே ஆரஞ்சு நிறமாக இருந்த நாளை இங்கே இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் புகை கண்ணுக்குத் தெரியாத நாளிலும் காற்று மோசமாக இருக்கும். கிளம்புவதற்கு முன் ஏர்நவ் என்ற அரசுத் தளத்தில் உங்கள் பகுதியின் காற்றுத் தர எண்ணைப் (ஏ.க்யூ.ஐ.) பாருங்கள். 100-ஐத் தாண்டினால் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்குக் கெடுதல், 150-ஐத் தாண்டினால் எல்லோருக்குமே கெடுதல், நான் அதற்கு மேல் மைதானத்துக்குக் கூப்பிடுவதில்லை. இடி சத்தம் கேட்டாலும் அப்படித்தான், எல்லோரும் காருக்குள், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே. யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்று முதல் மெயிலிலேயே பெற்றோரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள், இன்ஹேலர் பிள்ளையின் பையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஆட்டம் முடிந்து தின்பண்டம் கொடுக்கும் முறை வைக்கிறீர்கள் என்றால் அந்தப் பட்டியலை அங்கேயும் போட்டுவிடுங்கள்.