கீழடிப் பொருட்களை வைத்து ஏழாம் வகுப்புக்கு எப்படிப் பாடம் நடத்துவது?

திருப்புவனம் டீச்சர்:
கீழடி அருங்காட்சியகம் எங்களுக்குப் பக்கம்தான். ஆனால் அழைத்துப் போனால் பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். 'ஆதன்' என்று தமிழி எழுத்தில் (பழந்தமிழ் எழுத்து, தமிழ் பிராமி என்பார்கள்) கீறிய பானை ஓட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியும் ஒருவர் பெயர் அழியாமல் நிற்கிறதே! அந்தச் சிலிர்ப்பு பிள்ளைகளுக்கும் வர வேண்டும். கைப்பேசியும் பள்ளிப் புரொஜெக்டரும் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பானை ஓடு:
எல்லாவற்றையும் காட்டாதீர்கள் டீச்சர். ஒரு வகுப்புக்கு ஒரு பொருள் போதும். வட்டச் சில்லிலிருந்து தொடங்குங்கள். உடைந்த பானை ஓட்டின் ஓரத்தைத் தேய்த்து வட்டமாக்கியது அது. படத்தைத் திரையில் பெரிதாக்கி, இதை எதற்குச் செய்திருப்பார்கள் என்று மட்டும் கேளுங்கள். சில்லை எறிந்து பாண்டி ஆடும் பிள்ளைகள் அப்புறம் உங்களைப் பேசவே விடமாட்டார்கள்.

மேலூர்க்காரன்:
வீட்டிலிருக்கும் நெல் அளக்கும் மரக்கால், பழைய மண்சட்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வெயில் படாத வெளிச்சத்தில் கைப்பேசியில் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தால், முப்பரிமாணப் படம் செய்யும் செயலி அவற்றைச் சேர்த்து ஒரே உருவமாக்கிவிடும். அடுத்தடுத்த படங்களில் பாதிக்கு மேல் ஒரே பகுதி தெரிய வேண்டும். பளபளக்கும் பித்தளை சரிவராது. வயலில் கிடக்கும் பழைய பானை ஓட்டை மட்டும் எடுக்க விடாதீர்கள். கிடந்த இடத்திலேயே படமெடுக்கட்டும்.

திருப்புவனம் டீச்சர்:
சரி, சில்லில் தொடங்குகிறேன். அடுத்து செயற்கைக்கோள் வரைபடத்தில் வைகையையும் கீழடியில் அகழாய்வு நடந்த பள்ளிச்சந்தைத் திடலையும் காட்டப் போகிறேன். அருங்காட்சியகத்தில் படமெடுக்க முன்அனுமதி வேண்டுமா என்று நாளை கேட்டுவிடுகிறேன்.